உஷார்! பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கப் போகிறீர்களா?

வீட்டில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ரவுட்டரில் மாட்டி, வீட்டில் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே பெரிய சேமிப்பகம் செய்துகொள்ளலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்த வேலையில் கை வைக்காதீர்கள். இதை வாசித்து முடிக்கும் வரையாவது பொறுங்கள். ஏற்கெனவே செய்து முடித்துவிட்டீர்கள் என்றால் அவசரம் இன்னும் கூடுதல். எதை இழந்தால் உங்களால் தாங்க முடியாதோ, அதை முதலில் அந்தச் சேமிப்பகத்துக்கு வெளியே இன்னொரு பிரதி எடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பதுளையிலும் பண்டாரவளையிலும், பசறை, ஹாலி-எல, அப்புத்தளை, மடுல்சீமைத் தோட்டங்களிலும் ஏன் இந்த யோசனை எடுபடுகிறது என்பது விளங்காத விஷயமில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தது. வெளிநாட்டிலிருந்து இறங்கும் கணினிச் சாமான் எல்லாம் அதோடு ஏறியது. புதிய 8 டெராபைட் டிஸ்க் ஒன்று தோட்டத்துக் குடும்பத்தின் வருமானத்துக்கு எட்டாத பொருள். ஆனால் வீட்டு அலுமாரியைத் திறந்தால் சின்னச் சின்னதாக நாலைந்து கிடக்கும். கொழும்பில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்தது 1 டெராபைட். பழுதான லெப்டொப்பிலிருந்து கழற்றியது 500 ஜிபி. கட்டாரிலிருந்து வந்த மச்சான் விட்டுப் போனது இன்னொன்று. போன்களோ நிரம்பி வழிகின்றன. இவற்றை ஒன்றாக்கினால் செலவே இல்லாமல் 2 டெராபைட் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? யூடியூபில் அரை மணி நேரத்தில் செய்து காட்டுகிறார்கள். முடிவில் திரையில் பெரிய இலக்கம் தெரியும். அந்த இலக்கத்தைத்தான் நம்பக் கூடாது.

இணைக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் எல்விஎம், விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், வீட்டு வலையமைப்பில் மாட்டும் நாஸ் என்ற சேமிப்பகப் பெட்டிகளில் ஜேபிஓடி அல்லது ரெய்ட் 0. பெயர்கள் வேறு, அடிப்படை ஒன்றுதான். பாதுகாப்புக்கென்று எதையும் ஒதுக்காமல் டிஸ்க்குகளை வெறுமனே ஒன்றாக்கினால், கணினிக்கு அவை தனித்தனி டிஸ்க்குகளாகத் தெரியா. ஒரே நீண்ட பரப்பாகத் தெரியும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அந்தப் பரப்பு முழுவதும் பரவிக் கிடக்கும். ரெய்ட் 0 இன்னும் மோசம்: ஒரே படத்தைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும். இதில் ஒரு டிஸ்க் செத்தால் அதிலுள்ளது மட்டும் போகும் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் மொத்தமும் போய்விடும். லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ ஒரே கூரை வழியாக எல்லாக் காம்பராக்களையும் கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு டிஸ்க் ஓராண்டுக்குள் சாகும் வாய்ப்பு 100க்கு 5 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நாலு டிஸ்க்கைப் பாதுகாப்பில்லாமல் இணைத்தால், அந்த ஆண்டுக்குள் ஏதாவது ஒன்று செத்து எல்லாம் சரியும் வாய்ப்பு 100க்கு 18ஐத் தாண்டுகிறது. பழசாகித் தேய்ந்த டிஸ்க்குகளுக்கு 10 என்று வைத்தால் 34ஐத் தாண்டுகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இந்த நிலையில் உள்ள ஓர் இடத்தில் வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். டிஸ்க் என்றால் மட்டும் வைக்கிறோம்.

முதல் நாளே விழும் அடி ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான முறைகளில், சேமிப்பகத்தில் சேர்க்கும் நேரத்திலேயே டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிக்கப்படும். திரையில் ஓர் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும். அவசரத்தில் "யெஸ்" அழுத்திவிட்டால் முடிந்தது. பிறகு சந்தேகம் வந்து அந்த டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டினால், "இதை ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கும். லினக்ஸ் முறையில் எழுதப்பட்டதை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால்தான் அப்படிக் கேட்கிறது. டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அங்கேயும் "யெஸ்" அழுத்தினால், மிச்சம் மீட்கக்கூடியதாக இருந்ததும் கைவிட்டுப் போகும்.

ஆனால் நான் அதிகமாகப் பயப்படுவது இவற்றுக்கல்ல. அந்த நாலைந்து டிஸ்க்குகளும் தனித்தனியாக அலுமாரியில் கிடந்தவரை, உங்களுக்கே தெரியாமல் அவை ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. தங்கச்சியின் கல்யாணப் படம் லெப்டொப் டிஸ்க்கிலும் இருந்தது, அண்ணனின் டிஸ்க்கிலும் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அப்படியே அமைந்தது. இணைத்த அன்று என்ன செய்கிறோம்? "ஒரே படம் மூன்று இடத்தில் எதற்கு?" என்று இரட்டைகளை அழிக்கிறோம். டிஸ்க்குகள் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. வெளியே பிரதி எடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும் அந்தப் பெரிய பரப்பு முழுவதையும் கொள்ளும் தனி டிஸ்க் வீட்டில் இல்லை. பெரிதாக்கிய நாளோடு பிரதி எடுக்கும் பழக்கம் நின்றுவிடுகிறது.

இது நம் வீட்டில் மட்டும் நடக்கும் பிழையல்ல. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் ஒன்றில் 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தீப்பிடித்தது. லித்தியம் பற்றரிகளில் தொடங்கிய தீ. அரச ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைக்க ஆளுக்கு 30 ஜிபி கொடுத்து நடத்திய ஜி-டிரைவ் என்ற பொதுச் சேமிப்பகம் அங்கே இருந்தது. அதிலிருந்த 858 டெராபைட்டும் எரிந்தது. வெளியே பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் பிரதி எடுக்க வசதியில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடு அது.

நம் நாட்டையே எடுங்கள். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதியளவில் லங்கா அரச கிளவுட் என்ற அரசாங்கச் சேமிப்பகத்தை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் அதில் இருந்தன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. இணைப்பிலேயே வைத்திருந்த பிரதியையும் அதே தாக்குதல் பூட்டிவிட்டது. கழற்றித் தனியாக வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. அரசாங்கத்தின் அமைச்சரவைக்கே இந்தக் கதி என்றால், ரவுட்டருக்குப் பின்னால் தொங்கும் நம் டிஸ்க்குகளின் கதி என்ன?

இனி நம் மலைப் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கே டிஸ்க்குகளுக்கு எதிரி அதிகம்.

முதலாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. பாதைகளும் போயின, கரண்டும் போனது. இவை பெரியவை, செய்தியில் வருபவை. செய்தியில் வராமல் மழை நாளில் மூன்று தடவை போய்ப் போய் வரும் கரண்ட்தான் டிஸ்க்குகளைத் தின்கிறது. தனி டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு படம் கெடலாம். இணைத்த டிஸ்க்குகளில் ஒன்றில் எழுதி மற்றதில் எழுதும் முன் போனால், டிஸ்க்குகளுக்கிடையே கணக்கு ஒத்துப்போகாது. ரெய்ட் 5 போன்ற பாதுகாப்பான முறைகளிலும் இந்த ஓட்டை உண்டு.

இரண்டாவது இடி. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரமானால் இடிக்கும். பழைய லயங்களில் வயரிங் எப்படி இருக்கிறது என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். ஒரே லைனிலிருந்து பல காம்பராக்களுக்கு இழுத்திருப்பார்கள். ஒழுங்கான எர்த் இருக்காது, ட்ரிப் சுவிட்ச் இருக்காது. ஒரு மின்னல் அந்த வயரில் இறங்கினால் அதில் மாட்டியிருந்த எல்லா டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் அடிவிழும். பாதுகாப்புக்காக இரண்டு டிஸ்க்கில் ஒரே படத்தை எழுதும் ரெய்ட் 1 முறைகூட அந்த நொடியில் உதவாது. இரண்டும் ஒரே பிளக்கில்தானே இருக்கின்றன?

மூன்றாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ரவுட்டரின் யூஎஸ்பி துளை கொடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. யூஎஸ்பி 2.0 என்றால் 500 மில்லி அம்பியர், 3.0 என்றால் 900. கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நேரத்தில் அதற்குமேல் கேட்கும். அந்தத் துளையில் மலிவான ஹப் ஒன்றைச் செருகி மூன்று டிஸ்க்கை மாட்டினால், எழுதும் வேளையில் ஏதாவது ஒன்று நழுவும், மீண்டும் வரும், மீண்டும் நழுவும். "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும். டிஸ்க் பழுது என்று நினைப்பீர்கள். மின்சாரம் போதாமல்தான் அப்படி ஆகியிருக்கலாம். அதற்குள் சேமிப்பகத்தின் கணக்கு குழம்பியிருக்கும். இணைப்பதென்றே முடிவு செய்தால், சொந்தமாக அடெப்டர் உள்ள ஹப்போ பெட்டியோ இல்லாமல் செய்யாதீர்கள்.

சந்தையில் கிடைப்பவற்றையும் நம்பி எடுக்க முடியாது. "2 டெராபைட் பென் டிரைவ்" என்று நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் விற்கிறார்களே, அவற்றுள் பல பொய். உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோதான். அளவைப் பெருக்கிக் காட்டும்படி உள்ளிருக்கும் சில்லில் எழுதியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பியதும் புதியது பழையதன்மேல் விழும். கோப்பின் பெயர் மட்டும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட ஒன்றைச் சேமிப்பகத்தில் சேர்த்தால் நல்ல டிஸ்க்குகளில் இருப்பதும் நாசம். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழு அளவுக்கும் எழுதி வாசித்துப் பொய்யைப் பிடித்துவிடும். நேரம் எடுக்கும், பரவாயில்லை. புதிய டிஸ்க் என்று வாங்குவதிலும் கவனம் தேவை. தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய நேரத்தைப் பூச்சியமாக்கிப் புதியவை என்று இடைத்தரகர்கள் விற்ற விஷயம் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. அங்கேயே அப்படியென்றால், இங்கே பில்லும் வாரண்டியும் இல்லாமல் கைமாறும் டிஸ்க்கை என்னவென்று நம்புவது?

நாஸ் பெட்டி வாங்கி, அதை வெளியிலிருந்தும் பார்க்கும்படி இணையத்துக்குத் திறந்துவைப்பவர்கள் 2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்பகப் பெட்டிகளை, உலகம் முழுவதும் ஒரே வேளையில் யாரோ தூரத்திலிருந்து அழித்தார்கள். காலையில் எழுந்தவர்கள் வெறும் பெட்டியைக் கண்டார்கள். நிறுவனம் அந்த மொடலுக்குப் புதுப்பிப்புக் கொடுப்பதை நிறுத்தி ஆண்டுகள் ஆகியிருந்தன. அது முதலில் சொன்ன வழி, இணையத்திலிருந்து உடனே கழற்றுங்கள் என்பதுதான்.

இவ்வளவு பதறுவதற்குக் காரணம் பாட்டும் சினிமாப் படமும் போய்விடுமே என்பதில்லை. அவை திரும்பக் கிடைக்கும். மலையக மக்களுக்குக் காகிதம் என்றால் என்ன என்பது வேறு யாருக்கும் தெரிவதைவிட ஆழமாகத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் 10 ஆண்டுகள், இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? தோட்டத்துப் பதிவு, துண்டு, கடிதம். இல்லாதவர்களுக்கு இல்லைதான். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பித்து, கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்ற முடிவானது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அதனால்தான் தாத்தாமார் தகரப் பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் பத்திரமாக வைத்தார்கள். அந்தக் காகிதங்களைப் பிள்ளைகள் இன்று போனில் படம் பிடித்து இந்த டிஸ்க்குகளில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். சேமலாப நிதிக் கடிதம், பிறப்பு, மரணச் சான்றிதழ்கள், காணி, வீடு சம்பந்தப்பட்ட தாள்கள், தமிழ்நாட்டுக்குப் போன சொந்தங்களின் ஒரே படம். இவை போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதே, லயங்களை மண் மூட எவ்வளவு நேரம் எடுத்தது? சில நிமிடங்கள். உயிர் தப்பியவர்கள் உடுத்த உடையோடு நின்றார்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் மீண்டும் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு டிஸ்க் இருந்தாலென்ன, நாலை இணைத்தாலென்ன, இரண்டு பிரதி பக்கத்துக் காம்பராவில் இருந்தாலென்ன? எல்லாம் ஒரே சரிவில். பக்கத்து வீட்டிலிருக்கும் பிரதி நம் ஊரில் பிரதியே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்க்குகளை இணைக்கும் முன் உள்ளே இருப்பதைப் பிரியுங்கள். மீண்டும் கிடைக்காதவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். சினிமாப் படம், பாட்டு, டிவி நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலான வீடுகளில் உண்மையாகவே ஈடில்லாதது 200 ஜிபிக்குள் அடங்கும். அதற்குப் பெரிய சேமிப்பகம் தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள இரண்டு சாதாரண டிஸ்க்குகள் போதும். இரண்டிலும் முழுதாக எழுதுங்கள். ஒன்று வீட்டில், எழுதி முடித்ததும் வயரைக் கழற்றி, ஈரம் புகாத பையில், உயரமான தட்டில். மற்றது மலைக்கு வெளியே. கொழும்பில் அக்கா இருக்கிறாரா, வத்தளையில் சித்தப்பா இருக்கிறாரா, தீபாவளிக்கு வந்து திரும்பும்போது கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லிப் புதியதைச் சேர்த்து மீண்டும் அனுப்புங்கள். சான்றிதழ்ப் படங்கள் மட்டும் என்றால் சில மெகாபைட்தான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மூலையில் அடங்கிவிடும், 4ஜி பெக்கேஜையும் தின்னாது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

மிச்சமிருப்பவற்றை, அதாவது போனால் போகட்டும் என்று விடக்கூடியவற்றை, இணைத்து வைக்க ஆசை என்றால் வையுங்கள். அப்போதும் ரெய்ட் 0 வேண்டாம், வெறும் இணைப்பு வேண்டாம். மெர்ஜர்எஃப்எஸ் என்ற இலவச லினக்ஸ் கருவி, டிஸ்க்குகளைத் தனித்தனியாகவே விட்டு, பார்வைக்கு மட்டும் ஒன்றாகக் காட்டும். ஒன்று செத்தால் அதிலுள்ளது மட்டும் போகும். மற்றதைக் கழற்றித் தனியாக வாசிக்கலாம். சேர்க்கும் முன், ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு வரிகளிலும் பூச்சியம் இருக்க வேண்டும். அந்த இலக்கம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை எதிலும் சேர்க்காதீர்கள். யூபிஎஸ் ஒன்று அவசியம், அதன் பற்றரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். இடி கேட்டால் பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள்.

ஏற்கெனவே இணைத்த டிஸ்க்கில் வழமைக்கு மாறான சத்தம் கேட்கிறது, அல்லது கோப்புறைகள் திடீரென்று வெறுமையாகத் தெரிகின்றன என்றால், உடனே கரண்டை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தைக் கெடுக்கும். தெரிந்த தம்பி யாராவது "ஃபோர்மட் அடித்துப் பார்ப்போம்" என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எந்த டிஸ்க் எந்த இடத்தில் மாட்டியிருந்தது என்று ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி வைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் எல்லா டிஸ்க்குகளையும் சேர்த்தே கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் அவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்த பிரதி உண்மையில் திறக்கிறதா என்பதையும் வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழை நம் பக்கத்தில் இறங்கத் தொடங்கிவிட்டால் பாதையும் நிச்சயமில்லை, கரண்டும் நிச்சயமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் தனியாகப் பிரித்து, ஒரு பிரதி எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் சொந்தத்திடம் சேர்த்துவிடுங்கள். டிஸ்க்குகளை இணைப்பதா வேண்டாமா என்று அதன் பிறகு யோசியுங்கள்.